வேலங்காட்டு வரவேற்பு வளைவு

வேலங்காட்டுக் குட்டை வற்றிவிட்டது. விலங்குகள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. மலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருக்கிறதாம்.

அந்தக் காட்டுக்குத் தலைவர் செம்முகன் என்ற குரங்கு. காடு காலியானால் தலைவருக்கு என்ன வேலை? அந்தக் கவலை அவரை அரித்தது.

பக்கத்து மலை யானைகள் வசதியானவை. அவற்றின் பெரியவர் கொம்பனார், ஒரு குவியல் பலாப்பழத்தைக் கொண்டுவந்து இறக்கினார்.

"இது தின்னு தீர்க்க இல்லை! வேலை செய்யறவங்களுக்குக் கூலியாப் போடுங்க. பழம் தீர்ந்த பிறகும் காட்டிலே ஏதாவது நிலைச்சு நிக்கணும். பிழைப்புத் தேடி ஒருத்தரும் வெளியே போகக்கூடாது. புரியுதா?"

"நல்லாப் புரியுதுங்க ஐயா!"

"வேலை முடியற சமயம் வந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் கொம்பனார்.

காட்டுப்பன்றி முட்டான் ஓடிவந்தான். "தலைவரே! குட்டையிலே சேறு மண்டிக் கிடக்கு. தூர் வாரினா ஊற்று திறக்கும். இறங்கலாமா?"

"பறக்காதேடா! முதல்லே வரவேற்பு வளைவு. அவ்வளவு பெரியவர் மொட்டையா நுழைவாரா? காட்டு மானம் என்ன ஆகிறது?"

வளைவு எழும்பியது. கரடி மூங்கில் நட்டது. தூக்கணாங்குருவிகள் பூங்கொடி பின்னின. செம்முகன் ஓரமாக நின்று கை காட்டினார்.

"இன்னும் உசரம்! வர்றது யானைடா, எலி இல்லே!"

பிரித்துக் கட்டினார்கள். மறுபடி பிரித்தார்கள். பலாக் குவியல் பாதியாய் இளைத்தது.

ஒருவழியாக வளைவு முடிந்தது. செம்முகன் கையில் மாலையுடன் அதன் கீழே நின்று, கும்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தார். திமுதிமுவென்று காலடிச் சத்தம். வெளியிலிருந்து அல்ல, காட்டுக்குள்ளிருந்து!

மான்கள் வந்தன. முயல்கள் வந்தன. முட்டானும் குடும்பத்தோடு வந்தான். கடைசியாகச் செம்முகனின் தங்கை பூவாத்தா, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"தண்ணி இருக்கிற இடத்துக்கு. வளைவு ரொம்ப லட்சணம் அண்ணே! எங்களை வழியனுப்பத்தானே கட்டினே?"

"தாராளமாயிருக்கு தலைவரே! குடும்பம் குடும்பமாப் போறோம், இடிக்கவே இல்லே!" என்றான் முட்டான்.

செம்முகனின் சிவந்த முகம் வெளுத்தது. வரவேற்க ஒரு காடு வேண்டாமா? மாலையை வீசி எறிந்தார். வழியை மறித்தார்.

"நில்லுங்க! பாதிப் பழம் மிச்சம் இருக்கு. இப்பவே தூர் வாருவோம்!"

"யாரு இறங்குவா? நீ கரையிலே நின்னு கை காட்டுவே!" என்றாள் பூவாத்தா.

செம்முகன் ஓடிப்போய்க் குட்டைக்குள் குதித்தார். கழுத்துவரை சேறு! முட்டான் வாலைப் பிடித்து இழுத்தான். காடே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தபடியே எல்லாரும் இறங்கினார்கள்.

பன்றிகள் கிளறின. கரடி வாரிக் கொட்டியது. முயல்கள் கரையை மிதித்து இறுக்கின. கரை சரிந்தது. செம்முகனே ஏறி, வளைவைப் பிரித்து மூங்கிலால் கரைக்கு முட்டுக்கொடுத்தார். பசித்தபோதெல்லாம் பலாச்சுளை, பாட்டு, கேலி.

ஒருநாள் அடிமண்ணிலிருந்து பீச்சியடித்தது ஊற்று. நேராகச் செம்முகன் மூக்கில்!

கொம்பனார் வந்தார். வளைவு இல்லை, மாலை இல்லை. சேறு பூசிய உருவம் ஒன்று கும்பிட்டது.

"தலைவர் எங்கேப்பா?"

"நான்தாங்க ஐயா! வரவேற்புக்கு ஒண்ணும் இல்லே. தண்ணி இருக்கு, குடிங்க!"

கொம்பனார் வயிறு குளிரக் குடித்தார். முன்பே போயிருந்த விலங்குகள் மலையிறங்கி வருவதைப் பார்த்தார். துதிக்கையை நிரப்பி, செம்முகன் தலையில் பொழிந்தார்.

"இதுதாண்டா நான் கேட்டது!"

முட்டான் குட்டிகள் அந்தத் தண்ணீருக்கு அடியில் குதியாட்டம் போட்டன.

ஊர் வாழ வந்த உதவியை ஊரார் பிழைப்புக்குச் செலவழிக்க வேண்டும். பகட்டுக்குச் செலவழித்தால், பார்க்கக்கூட ஆள் இருக்காது.