செவலை சாய்ந்த சுவர்

"எவனோ ஒருத்தன் நம்ம செவலை நாயோட இடுப்புல ஓங்கி மிதிச்சிருக்கறான். வெளியாள் இல்லீங்க. இந்த மடத்துக்குள்ளதான் கும்பிட்ட கையோட சுத்திக்கிட்டிருக்கறான்."

காலையில் குருவிடம் வந்ததும் வராததுமாகக் காளியண்ணன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

கோத்தகிரிக்கு மேலே இருந்தது மடம். மார்கழி மாதம். உறைபனி விழுந்து புல்லெல்லாம் உப்புக் கொட்டினதுபோல் வெளுத்துக் கிடந்தது. குரு வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். காளியண்ணனின் மூத்த மகளைவிட அவருக்கு வயது குறைவு. ஆனாலும் காளியண்ணன் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டியில் மூட்டை தூக்கி, அடி வாங்கி, திருப்பி அடித்து, கடைசியில் அதே மண்டிக்கு முதலாளியானவர் காளியண்ணன். எல்லாவற்றையும் பையனிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி மலையேறி வந்திருந்தார். வாயை மட்டும் விட்டுவிட்டு வர முடியவில்லை.

"அவன் யாருன்னு தெரியற வரைக்கும் நான் தியானத்துக்கு உட்காரமாட்டேனுங்க."

"உட்கார்ந்தா மட்டும் சும்மா இருக்கவா போறீங்க," என்றார் குரு. "மிதிச்சதைப் பாத்தீங்களா?"

"பாக்கணுமாக்கும். தீபாவளிக்கு நான் வந்தப்ப வாசக் கேட்டு வரைக்கும் ஓடி வந்து வாலாட்டின நாய். இப்ப எந்திரிக்கறதுக்குள்ள பாக்கற நமக்கு உசிரு போகுது."

"நேத்து டாக்டர் என்ன சொன்னார்?"

காளியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. அடியெல்லாம் இல்லை, வயதாகிவிட்டது, மூட்டுகள் தேய்ந்திருக்கின்றன. மருந்து கொடுங்கள், குளிர் படாமல் வையுங்கள், வெயில் வந்ததும் கொஞ்ச தூரம் நடத்துங்கள். பொங்கலுக்குள் தானாக எழுந்து நிற்காவிட்டால் ஊசி போட்டு அனுப்பிவிடலாம், வலியிலேயே வைத்திருப்பது பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"போன வருசமும் இதே நாய்தான், இதே பனிதான். அப்ப நின்னுச்சா இல்லையா? வயசு ஒரே வருசத்துல இப்படி ஏறுமாங்க? நடுவுல எவனோ கை வெச்சிருக்கறான்."

குரு உரித்த பட்டாணியைத் தள்ளி வைத்தார். "குளிர் படாம வெச்சீங்களா?"

"வெக்காம? கூடத்துல வைக்கோல் பரப்பி, சாக்கு விரிச்சு, என் கம்பளியவே மேல போட்டேன். ராத்திரியே இழுத்துக்கிட்டுப் போயி சமையக்கட்டுக்குப் பின்னாடி வெறும் மண்ணுல படுத்துக்குச்சு. மறுபடி தூக்கிட்டு வந்தேன். மறுபடி போச்சு. கயித்துல கட்டிப் பாத்தேன். இழுத்து இழுத்து முழங்காலே தேய்ஞ்சுபோச்சு. இன்னைக்குத் தூக்கப் போனா என்னையே பாத்து உறுமுது. நன்றி கெட்ட சென்மம்."

"அங்கே அதுக்கு என்ன வேணுமாம்?"

"பிடிவாதம். வேற என்ன?"

"கேட்டீங்களா?"

"நாய்கிட்ட எப்படிங்கம்மா கேக்கறது?"

"மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கற கிழங்கு அழுகலா நல்லதான்னு சொல்லிடுவேன்னு பெருமையடிப்பீங்களே. அது எப்படி?"

"கை வெச்சுப் பாப்பேன்."

"வாங்க, வெச்சுப் பாருங்க."

சமையற்கட்டின் பின்பக்கம் போனார்கள். இறவாரத்துக்கு அடியில், கல் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு செவலை படுத்திருந்தது. அவர்களைப் பார்த்ததும் எழப் பார்த்தது. முன்கால் ஊன்றிவிட்டது, பின்பக்கம் வரவில்லை. கொஞ்சம் நகர்ந்து மறுபடி முதுகைச் சுவரோடு அழுத்தியது. அழுத்திவிட்டு முனகியது.

காளியண்ணன் குனிந்து அதன் இடுப்பைத் தொடப் போனார்.

"அங்கே இல்லை," என்றார் குரு. "அது முதுகு வெச்சிருக்கற இடத்துல வையுங்க."

சுவரில் உள்ளங்கையை வைத்த காளியண்ணன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐஸ் மாதிரி இருக்குதுங்க. இதுலயா போயி சாயறது? புத்தி கெட்டுப்போச்சா இதுக்கு?"

ஜன்னல் வழியாகச் சமையல்காரம்மா குப்பாயி எட்டிப் பார்த்தாள்.

"அதுக்கு எங்கீங்க புத்தி கெட்டுச்சு. உள்பக்கம் விறகடுப்பு இருந்தப்ப அந்தச் சுவரு விடியற வரைக்கும் கதகதன்னு இருக்கும். குட்டியில இருந்து அதுக்கு அதுதான் படுக்கை. தீபாவளிக்கு நீங்க கேஸ் அடுப்பு வாங்கிக் குடுத்துட்டு, பழசைச் செங்கல் வெச்சுப் பூசிட்டீங்க. சூடு இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு சாஞ்சு பாத்துக்கிட்டே கிடக்குது."

காளியண்ணன் சுவரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். நாலடி அந்தப் பக்கம் நடந்தார், திரும்பி வந்தார்.

"உன்ற இருமலுக்காகத்தானே வாங்கிக் குடுத்தேன். பொகையில நெஞ்சு அடைக்குதுன்னு அழுதியா இல்லையா?"

"அழுதேன். இப்ப இருமலு இல்லை. உங்க புண்ணியம். யாரு இல்லைன்னா?"

"கேட்டுக்குங்கம்மா. நான் நல்லதுதானே செஞ்சேன்?"

"நல்லதுதான்," என்றார் குரு.

"அப்புறம் எப்படி இது என் தப்பாகும்?"

"தப்புன்னு இங்கே யாரும் சொல்லலையே."

அதுதான் அவரை உலுக்கியது. சண்டை போட ஆள் இல்லாவிட்டால் காளியண்ணனுக்குக் கையும் காலும் ஓடாது. பேரத்தில் இறங்கினார்.

"கரண்ட் ஹீட்டர் ஒண்ணு இறக்கிடறேன். நாளைக்கே."

"மேகம் இறங்கினா இங்கே கரண்ட் நிக்காது."

"சுடுதண்ணிப் பை."

"வையுங்க. ஆறினப்புறம்?"

"சரி, கீழ என் வீட்டுக்குக் கொண்டு போயிடறேன். மேட்டுப்பாளையத்துல ஏது பனி? மெத்தையே போட்டுத் தர்றேன்."

"அங்கேயும் பின்பக்கம் போய் ஏதோ ஒரு சுவரைத் தேடும்."

"பழைய அடுப்பையே தொறந்தா பொகை வருமே. குப்பாயிக்கு நெஞ்சு என்ன ஆவறது?"

"என்னைய ஏனுங்க நடுவுல இழுக்கறீங்க," என்றாள் குப்பாயி. "சாயங்காலம் சோறாக்கிக் கதவைச் சாத்திட்டு நான் போயிடறேன். அதுக்கப்புறம் பத்த வெச்சாப் போச்சு. ராத்திரி முழுக்க யாராச்சும் பக்கத்துல உட்கார்ந்து கட்டையைத் தள்ளிவிடணும். அவ்வளவுதான்."

காளியண்ணன் குருவைப் பார்த்தார். "ராத்திரி முழுக்க அடுப்புகிட்டக் குந்திக்கிட்டிருந்தா விடிகாலையில தியானம் எப்படிங்க? நான் வந்ததே அதுக்குத்தானே."

குரு செவலையின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். நாய் தலையைத் தூக்கி அவர் முழங்காலில் வைத்தது. அப்படி வைப்பதற்கே அதற்கு வலித்தது. மூச்சை இழுத்துவிட்டது.

"காலையில ஒருத்தனைத் தேடி வந்தீங்களே," என்றார். "கிடைச்சானா?"

காளியண்ணன் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார்.

"கிடைச்சானுங்க."

"அவனை என்ன செய்யறதா இருந்தீங்க?"

"கையை ஒடிக்கறதா இருந்தேன்."

"ஒடிக்க வேண்டாம். அந்தக் கையால வேலை இருக்கு. எதுக்காகச் செஞ்சேன்னு அவன் எனக்குச் சொல்ல வேண்டாம், செவலைக்கும் சொல்ல வேண்டாம். இன்னைக்குப் பனி இறங்கறதுக்கு முன்னாடி வந்து, பூசினதை உடைச்சு, அடுப்பை மூட்டச் சொல்லுங்க."