பாதி மீசையும் பழைய பாக்கியும்

வெகு காலத்துக்கு முன்னால் பூவாற்றூரைக் கோதண்டராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தன் மீசையைத் தானே மெச்சிக்கொண்டு திரிந்த ராஜா. கோபம் வந்தால் ஊரை இரண்டாக்குவார், மனம் குளிர்ந்தால் கழுத்து மாலையைக் கழற்றிக் கொடுப்பார். அப்படியொரு காலம் இனி வருமா?

கோட்டை வாசலில் அரண்மனைக்குச் சொந்தமான கடைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் நாவிதர் சின்னாண்டி நாற்பது வருஷமாக வாடகைக்கு இருந்தார். காலமான மனைவி காமாட்சி மாட்டிவைத்த கண்ணாடி இன்னும் அதே ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்காமல் அவருக்குப் பொழுது விடியாது.

அந்தக் கடைமேல், வாடகை வசூலிக்கும் மணியக்காரர் ஏகாம்பரத்துக்கு ஒரு கண். மருமகனுக்கு வேண்டுமாம்! வெள்ளத்தில் விழுந்த கடைத் தூணுக்குப் பன்னிரண்டு பணம் தரச் சொன்னார். "ஆறு சாய்ச்ச தூணுக்கு நான் எதுக்குத் தரணும்?" என்று சின்னாண்டி மறுத்துவிட்டார். வழக்கு அப்படியே நின்றது. ஆனால் மாதாமாதம் சின்னாண்டி கொடுத்த வாடகையை மணியக்காரர் தூண் கணக்கில் வரவு வைத்தார். பிறகு, வாடகை பாக்கி என்று ராஜாவிடம் ஓலையை நீட்டினார்.

"வாங்குகிறவர் எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் வைக்கலாம். நாளைக்கே கடையைக் காலி செய்யட்டும்!" என்றார் ராஜா.

மறுநாள் காலை சின்னாண்டி ராஜாவுக்குச் சவரம் செய்ய வந்தார்; உத்தரவு அவர் காதுக்கும் எட்டியிருந்தது. சபையில் அயல்நாட்டுத் தூதர் வேறு காத்திருந்தார். பாதி முகம் முடிந்ததும் கூலி கொடுப்பது அந்த அரண்மனை வழக்கம். அப்போதுதான் மீதியை அவசரமில்லாமல் செய்வார்களாம். வலது மீசை முறுக்கி நின்றது, இடது மீசை புதராகக் கிடந்தது. ராஜா ஒரு பணம் கொடுத்தார். சின்னாண்டி அதை வாங்கிக்கொண்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பணத்தை வேட்டியில் முடிந்துகொண்டு, கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"என்ன சின்னாண்டி, மீதி?"

"பட்டாபிஷேகத்தன்னைக்கு மகாராசா தலையை ஆட்டினதுல என் கத்தி மழுங்கிப்போச்சு. இந்தப் பணத்தை அந்தக் கணக்குல வச்சுட்டேன். இன்னைக்குக் கூலி பாக்கி."

"நான் தலையை ஆட்டவே இல்லையே!"

"தூணை நானும் சாய்க்கலையே, மகாராசா."

"என்ன திமிர்! சிறையில் தள்ளுங்கள்!" என்று பக்கத்தில் நின்ற ஏகாம்பரம் குதித்தார்.

ராஜா கைக்கண்ணாடியில் தன் பாதி மீசையைப் பார்த்தார். முதலில் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏகாம்பரம், கடை சின்னாண்டியிடமே இருக்கட்டும். வாடகையை எந்த மாதத்துக்கென்று தருகிறாரோ அந்த மாதத்தில்தான் இனி வரவு வைக்க வேண்டும். தூண் வழக்கைத் தனியாக நானே விசாரிக்கிறேன். இப்போது சவரம் முடியும்வரை வெந்நீர்ச் செம்பைப் பிடியும்!"

அங்கிருந்த சேவகர்கள் எல்லாம் பார்க்க, மணியக்காரர் செம்பைப் பிடித்தார்.

இடது மீசையும் எழுந்து நின்றது. ராஜாவின் குரல் தணிந்தது. "பதினாறு வயதில் அரண்மனைக்குத் தெரியாமல் உம் கடைக்கு வந்து, முதல்முதலாக மீசை திருத்திக்கொண்டேன். கூலி கொடுக்காமல் ஓடினேன். 'ஓடு ராசா, கல்யாணத்தன்னைக்குக் குடுத்தாப் போதும்' என்று காமாட்சியம்மா சிரித்தார்கள். அந்தப் பாக்கியை ஏன் கேட்கவில்லை?" என்று பணப்பையை அவிழ்த்தார்.

சின்னாண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அது பாக்கியாவே இருக்கட்டும், மகாராசா. அதுவும் தீர்ந்துபோச்சுன்னா, காமாட்சி மாட்டுன அந்தக் கண்ணாடிப் பக்கம் நீங்க எதுக்கு வரப்போறீங்க?"

ராஜா பையை மூடினார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்குச் சவரம் கோட்டை வாசல் கடையில்தான். கூலியை ஒருநாளும் தவறவிட்டதில்லை. அந்தப் பழைய பாக்கியை மட்டும் கடைசிவரை கொடுக்கவே இல்லை.