கரகரக்கும் பெட்டி

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக்கடையின் மாடி அறையில் முஸம்மில் ஆம்ப்ளிஃபையர்களைப் பழுது பார்த்துவந்தார். கிடார் வாசிக்கிறவர்கள் காலால் மிதிக்கும் பெடல்களைச் செய்யவும் சொல்லிக் கொடுப்பார். வயது முப்பத்திரண்டுதான். கற்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

ஜெபசீலி அவர்களில் ஒருத்தி. ஐம்பதை நெருங்குகிறவள், மின்வாரிய அலுவலகத்தில் வேலை. சிறு வயது முதல் சர்ச் பாடகர் குழுவில் பாடிவந்தவள். கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தபின் குரல் கரகரத்துப் போனது. இனி இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். அவள் குழுவுக்குப் போவதை நிறுத்தினாள். துபாய்க்குப் போன தம்பி விட்டுச்சென்ற எலக்ட்ரிக் கிடாரை எடுத்து வாசிக்கப் பழகினாள்.

ஒருநாள் யாரோ ஃபஸ் பெடல் வைத்து வாசிப்பதைக் கேட்டாள். சுத்தமாக வரும் கிடார் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைக்கிற பெட்டி அது. அந்தச் சத்தம் அவளை விடவில்லை. விசாரித்துக்கொண்டு மாடி ஏறி வந்துவிட்டாள்.

"அதை நானே செய்யணும்," என்றாள்.

"கடையில ரெடியாவே கிடைக்குமே அக்கா."

"உள்ள என்ன நடக்குன்னு பாக்கணும்."

மாஸ்டர் இரண்டு கிட் பொட்டலங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டிலும் ஒரு சின்ன சர்க்யூட் பலகை, சில உதிரி பாகங்கள், திருகுகிற குமிழ்கள், ஓர் அலுமினியப் பெட்டி.

"எது நல்லது மாஸ்டர்?"

"இதுல இருக்கிற டிரான்சிஸ்டர் சிலிக்கான். எங்க கொண்டுபோனாலும் ஒரே மாதிரி இருக்கும். அதுல இருக்கிறது ஜெர்மேனியம். வெயில்ல ஒரு மாதிரி, மழையில ஒரு மாதிரி. ஒண்ணு போல இன்னொண்ணு அமையாது."

"அப்ப முதல்ல சொன்னதுதான் நல்லது."

"நான் அப்படிச் சொல்லலையே."

ஜெபசீலி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரே மாதிரி இருக்கிறது வந்தப்புறமும் இந்த ஜெர்மேனியத்தை ஏன் செய்யுறாங்க?"

"கேக்குறவங்க விடலை."

அவள் ஜெர்மேனியம் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள்.

"வெயில்ல என்ன ஆகும்?"

"பாளையங்கோட்டையில இருந்துகிட்டு இதைக் கேக்குறீங்களே அக்கா. செஞ்சு பாருங்க, தெரியும்."

சனிக்கிழமைதோறும் வந்தாள். பாகங்களைப் பலகையோடு பற்றவைக்க, சூட்டுக்கோலால் உருக்கி முதலில் வைத்த ஈயமெல்லாம் ஒட்டாமல் உருண்டை உருண்டையாக நின்றது.

"ஈயத்தைச் சுடாதீங்க," என்றார் மாஸ்டர். "கம்பியும் பலகையும் சுடட்டும். ஈயம் தானா வந்து உக்காரும்."

உட்கார்ந்தது. டிரான்சிஸ்டர்களைக் கடைசியில் வைத்தார்கள். அவை சூடு தாங்காதவை என்பதால், சூட்டை இடுக்கி வாங்கிக்கொள்ளும்படி ஒவ்வொன்றின் காலையும் மாஸ்டர் அதனால் பிடித்துக்கொள்ள, ஜெபசீலி மூச்சை அடக்கிப் பற்றவைத்தாள்.

"சத்தத்தை இது என்னதான் செய்யுது மாஸ்டர்?"

"கிடார்ல இருந்து வர்ற சத்தம் மலை மாதிரி ஏறி இறங்கி வரும். டிரான்சிஸ்டர் தாங்காத அளவுக்கு அதைப் பெருசாக்கி விடுறோம். மேல இடம் பத்தாம உச்சி மழுங்கிப் போகுது."

"உச்சி போனா குறையத்தானே செய்யணும்? கேக்கும்போது கூடுதலா இருக்கே."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். மெல்லிய தாள் ஒன்றை அதன்மேல் மடித்து, உதட்டில் வைத்து, ஏதோ ஒரு மெட்டை முனகினார். தாள் அதிர்ந்தது. வண்டு புகுந்ததுபோல் அறை ரீங்கரித்தது.

"பாடினது தாளா?"

"இல்ல, நீங்கதான். மெதுவாத்தான் முனகினீங்க. தாள் மேல பட்டதும் அது கூடிட்டு."

மாஸ்டர் சீப்பையும் வேறொரு தாளையும் அவள் பக்கம் நீட்டினார்.

ஜெபசீலி வாங்கவில்லை. "எனக்குத் தொண்டை சரியில்ல மாஸ்டர்," என்றாள்.

அவர் வற்புறுத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை பலகையில் பேட்டரியையும் கிடாரையும் ஆம்ப்ளிஃபையரையும் இணைத்தார்கள். ஜெபசீலி கிடாரில் ஒரு தந்தியைத் தட்டினாள். விக்கல் எடுத்ததுபோல் ஒரு சத்தம் வந்து செத்துப்போனது.

பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தன. கிட்டோடு வந்த செய்முறைத் தாளில் சொன்ன இடத்தில் மீட்டரை வைத்தாள். நாலரை வோல்ட் இருக்க வேண்டும். நாலரைதான் காட்டியது.

"எல்லாம் சரியா இருக்கு. சத்தம்தான் சரியில்ல," என்றாள்.

"மீட்டரை எடுத்துடுங்க. பலகையில இருக்கிற அந்தச் சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புங்க. வாசிச்சுகிட்டே திருப்புங்க."

"எதுவரைக்கும்?"

"தெரியலை. இந்த டிரான்சிஸ்டரை நானும் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அவள் ஒரு கையால் தந்தியைத் தட்டி, மறு கையால் திருகைத் திருப்பினாள். விக்கல் குறைந்தது. பிறகு சத்தம் தடித்தது. கொஞ்சம் தாண்டிப் போய், வேண்டாமென்று திரும்பி வந்தாள். ஓரிடத்தில் அவள் கை நின்றது.

ஒரு தந்திதான். அது சொரசொரவென்று எழுந்து, அறை முழுவதும் பரவி, நெடுநேரம் இறங்காமல் நின்றது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே பாத்திரக்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

ஜெபசீலி மீட்டரை மறுபடி வைத்துப் பார்த்தாள். ஐந்தைத் தாண்டிக் காட்டியது.

"தாள்ல போட்டபடி இது தப்பு."

"திருப்பி நாலரையில வைக்கணுமா?"

"வேண்டாம்," என்று சட்டெனச் சொன்னாள்.

அதன்பின் நிறைய வாசித்தாள். தெரிந்த சர்ச் பாமாலைகளையெல்லாம் வாசித்தாள். வாசித்து முடித்தபின் கிடாரை மடியில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் டீ வரவழைத்தார். அவளுடைய டீ ஆறிப்போனது.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க அக்கா."

"நல்லா வர்ற சத்தத்தை நாம இவ்வளவு பாடுபட்டுக் கெடுக்கோம். கெடுத்துட்டு, அழகா இருக்குன்னு உக்காந்து கேக்கோம். என் தொண்டை தன்னாலயே இப்படி ஆயிட்டு. அதை மட்டும் ஏன் யாரும் கேக்க மாட்டேங்காங்க?"

மாஸ்டர் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். கொதிப்பதுபோல் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் யார் முன்னாடி பாடினீங்க?"

ஜெபசீலி யோசித்தாள். குழுத் தலைவர் வீடு தேடி வந்தது நினைவுக்கு வந்தது. அவள் அடுக்களைக்குள் இருந்தபடி, வெளியே போயிருக்கிறாள் என்று கணவரைச் சொல்லவைத்து அனுப்பினாள். அதற்குப்பின் வீட்டில் குளிக்கும்போதுகூட அவள் முனகியதில்லை.

"யார் முன்னாடியும் இல்ல," என்றாள்.

"அப்ப நீங்க சொல்றது சரிதான் அக்கா," என்றார் மாஸ்டர். "அதை இன்னும் யாரும் கேக்கலை."