கரடி நிறுக்காமல் விட்ட மாம்பழம்

மழை பிடித்தால் நாற்பது நாள் விடாமல் கொட்டும் ஒரு காட்டில், தேனூறல் போடும் கரடி ஒன்று இருந்தது. விலங்குகள் எல்லாம் பழங்களைக் கொண்டுவந்து கொடுக்கும். கரடி அவற்றைத் தேனில் ஊறவைத்துப் பானைகளில் மூடி வைக்கும். மழைக்காலம் முழுக்க அதுதான் எல்லோருக்கும் சாப்பாடு.

பழம் எவ்வளவு எடையோ, தேனும் அவ்வளவு எடை இருக்க வேண்டும். தேன் குறைந்தால் ஊறல் புளித்துவிடும். எப்போதும் வருவது நெல்லிக்காய்தான். ஒரு படி நெல்லிக்காய் இரண்டு கல் எடை; ஒரு குடுக்கைத் தேன் ஒரு கல் எடை. அதனால் கரடி எடை பார்ப்பதே இல்லை. படிக்கு இரண்டு குடுக்கை ஊற்றும்.

அந்த ஆண்டு நெல்லி காய்க்கவில்லை. விலங்குகள் மாம்பழம் கொண்டுவந்தன. மூன்று குட்டிகளுக்குத் தாயான அணில்தான் எல்லோரையும்விட அதிகம் சுமந்து வந்தது.

கரடி பழத்தை நறுக்கிப் படியால் அளக்கத் தொடங்கியது. அப்போது தராசு வைத்திருந்த தேவாங்கு மெல்ல நகர்ந்து வந்தது.

"கரடியாரே, ஒரே ஒரு படியை நிறுத்துப் பார்த்துவிடுவோம். நெல்லிக்காய்க்கு நடுவே சந்து இருக்கும். மாம்பழத் துண்டு சந்தில்லாமல் அடைந்து உட்காரும். எடை கூடுமே?"

கரடிக்குச் சுருக்கென்றது. "பத்து வருஷமாக அளக்கிற கை இது. நீ தராசைத் தூக்கிக் கட்டுவதற்குள் மழையே வந்துவிடும், போ!"

"கரடியண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றது அணில்.

தேவாங்கு மெல்லத் திரும்பிப் போயிற்று.

மழை தொடங்கிய ஐந்தாம் நாள், குகைக்குள் புளித்த வாடை வீசியது. கரடி ஒரு பானையைத் திறந்தது. நுரை பொங்கி வழிந்தது. அடுத்ததைத் திறந்தது, அதுவும் அப்படியே. இருபது பானையும் வீணாகியிருந்தன.

மூலையில் மிஞ்சிக் கிடந்த மாம்பழங்களை நறுக்கி, ஒரு படி அளந்து எடுத்துக்கொண்டு, கரடி நனைந்தபடியே தேவாங்கிடம் ஓடியது. தராசில் வைத்துப் பார்த்தன.

மூன்று கல்.

"படிக்கு ஒரு குடுக்கைத் தேன் குறைத்துவிட்டேனே!" என்று கரடி தலையில் அடித்துக்கொண்டது.

மற்ற விலங்குகள் கிழங்கு தோண்டி எப்படியோ சமாளித்தன. அணிலால் முடியவில்லை. கொட்டும் மழையில் குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு இரை தேடி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மலைக்குப் புறப்பட்டது.

கரடி வழியில் போய் நின்றது. "தப்பு என்னுடையது, தங்கச்சி."

"தெரியும் அண்ணா. ஆனால் என் குட்டிகளின் பசிக்கு அது தெரியாதே" என்றது அணில். அதன் குரலில் கோபமே இல்லை. கரடிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறு ஆண்டு கரடி ஒவ்வொரு பழத்தையும் நிறுத்தே ஊறல் போட்டது. ஒரு பானைகூடக் கெடவில்லை. அணிலுக்கென்று ஒரு பானையைத் தனியே எடுத்து வைத்தது.

மழை வந்து போயிற்று. அந்தப் பானையைக் கேட்டு யாரும் வரவில்லை.

நீதி: பிறர் நம்பி ஒப்படைத்த வேலையில், எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் சரிபார்க்காமல் விடக் கூடாது.