ஒயர் இழுக்க வந்த அர்த்தனாரி

இன்டர்நெட் மாட்டிக் குடுக்கற அர்த்தனாரி வாயில பொய் சம்மணம் போட்டு உக்காந்திருக்கும், உண்மை வாசல்லயே நிக்கும். நாமக்கல்லுல பாவாயியோட லாரி புக்கிங் ஆபீசுக்கு அவனைக் கூப்பிட்டது கதை கேக்க இல்ல. அங்க இருந்த பழைய வைஃபை நெனச்சா வரும், நெனச்சா போகும். லோடு இருக்குன்னு கம்ப்யூட்டர்ல தகவல் வந்ததும் யாரு மொதல்ல பதில் போடறாங்களோ அவங்களுக்குத்தான் லோடு. பாவாயி பதில் போடறதுக்குள்ள எதிர் ஆபீஸ்காரன் தட்டிக்கிட்டுப் போயிருவான். டிரைவர் சின்னுசாமி நாக்பூர் லோடு கெடைக்குமான்னு திங்கக்கிழமையில இருந்து லாரியை நிறுத்திட்டு ஆபீசுலயே கெடந்தான். கம்ப்யூட்டருக்கு நெட் ஒயர் இழுக்கறதா, புது வைஃபை பெட்டி வெக்கிறதா? பாவாயி கேட்டது அவ்வளவுதான்.

அர்த்தனாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டான். திருச்செங்கோட்டுல ஒரு போர்வெல் ஆபீசுக்கு அவன் ஒயர் இழுத்தானாம். இங்க கேள்வியை டைப் அடிக்கறதுக்கு முன்னாடியே அங்கிருந்து பதில் வந்துருமாம். பதிலைப் படிச்சுட்டுத்தான் என்ன கேக்கலாம்னு முதலாளி யோசிப்பாராம்.

ஒயரு அறுந்துராதான்னு சின்னுசாமி கேட்டுத் தொலைச்சான். அறுந்துருமாவா? மோகனூர்ப் பக்கம் சிமெண்ட் லோடோட சேத்துல எறங்குன லாரியை, மிச்சம் கெடந்த ஒயரைக் கட்டி, மொபட்டுலயே இழுத்து மேல கொண்டாந்தானாம். லாரிக்குள்ள தூங்கிட்டிருந்த டிரைவர் பொரண்டுகூடப் படுக்கலையாம்.

அப்ப வைஃபை வேண்டவே வேண்டாமான்னு பாவாயி கேட்டா. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியல. அர்த்தனாரி குரலைத் தாழ்த்துனான். முட்டை யாவாரி ஒருத்தருக்கு அவன் வெச்ச வைஃபை, செவுத்தைத் தாண்டிப் பக்கத்துப் பண்ணைக்குள்ள பூந்துருச்சாம். அன்னையில இருந்து கோழியெல்லாம் அவிச்ச முட்டையாவே போடுதாம்.

"உப்பு?"ன்னான் சின்னுசாமி.

"அது மட்டும் நாங்க போட்டுக்கிட்டமுங்க."

பாவாயி கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சுட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புனா. அந்தப் பாழாப்போன வைஃபை எப்பவோ வந்திருக்கு. நாக்பூர் லோடும் வந்திருக்கு. எதிர் ஆபீஸ்காரன் அதை எடுத்தும் முடிச்சுட்டான். சின்னுசாமி மூஞ்சி செத்துப்போச்சு. பாவாயி யாரைத் திட்டறது, வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டிருந்தது அவதானே.

அர்த்தனாரிக்குக் கூச்சமே இல்ல. ஒயரா இருந்திருந்தா லோடே வந்து தோளைத் தட்டிக் கூப்பிட்டிருக்கும்னான்.

எதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு பாவாயி கேட்டா. பெட்டின்னா மாட்டிட்டு உடனே கெளம்பிருவானாம். ஒயருன்னா செவுத்துல ஓட்டை போட்டு இழுக்கோணும், ரெண்டு நாள் இங்கியே இருந்து பேசிக்கிட்டே முடிச்சுக் குடுத்துருவானாம்.

"பெட்டியே வெய்யி,"ன்னா பாவாயி. "ஒயரு நல்லதாத்தான் இருக்கும். ஆனா ரெண்டு நாள் நீ இங்க உக்காந்தியன்னா, நாமக்கல்லு லோடு பூராவும் எதிர் ஆபீசுக்குப் போயிரும்."