வாசல் கயிற்று முடிச்சு

பனிக் கணவாயின் அடியில் இருந்த மடத்தில் ஒரு வழக்கம். மேலே ஏறுகிறவர்கள் வாசல் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். இறங்கி வந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். விடிந்தும் அவிழாத முடிச்சு இருந்தால் குருவும் சீடர்களும் தேடிக் கிளம்புவார்கள்.

அன்று காலை ஒரே ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. பார்த்ததும் மருதையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீடர்களில் மூத்தவன் அவன், பொறுமையில் கடைசி.

"நேத்து மேல ஏறின நீலமேகத்தோட முடிச்சுதானே சாமி? போன தடவையும் இதே கூத்துதான். நாம பனியில கிடந்து தேடினோம். அந்த மனுஷன் மறுபக்கம் இறங்கி டீக்கடையில போண்டா தின்னுக்கிட்டிருந்தாரு. என் கால்விரல் ரெண்டு போனதுதான் மிச்சம்!"

"ஆமா. ஏறுற கயித்தை எடு" என்றார் குரு.

"சொன்ன பேச்சு கேக்காத ஜென்மம் சாமி! நான் வரமாட்டேன்!"

"எனக்கும் எரிச்சல்தான். கயித்தை எடு."

குரு தம் முடிச்சைப் போட்டார். கூட வந்த இரண்டு சீடர்களும் போட்டார்கள். மருதையன் முணுமுணுத்துக்கொண்டே போட்டான்.

நடுப்பகலில் மேலே ஒரு பாறை இடுக்கிலிருந்து குரல் வந்தது.

"ஐயா... கால் பிசகிடுச்சு... இங்க இருக்கேன்..."

நீலமேகமேதான். இந்தத் தடவை நிஜமாகவே மாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு செங்குத்தான சரிவு. வெயில் ஏறியதில் அங்கே பனி இளகிப் பாளம் பாளமாகச் சரிந்துகொண்டிருந்தது.

குரு நின்றார். "பாறையை விட்டு நகராதீங்க! பனி இறுகினதும் விடியல்ல வர்றோம்!" என்று மேலே பார்த்துக் கத்தினார். பிறகு திரும்பி நடந்தார்.

மருதையன் அசையவில்லை. "குரல் கேக்குதே சாமி! ராத்திரியில செத்துட்டா?"

"செத்துப்போகலாம்."

"எப்படி சாமி வாய் கூசாம சொல்றீங்க? நான் போறேன்."

"காலையில வரமாட்டேன்னு அடம். இப்ப திரும்பமாட்டேன்னு அடம். உன்னோட பெரிய ரோதனை!"

குரு அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கினார். வழியெல்லாம் மருதையன் அழுதான். மேலேயிருந்து குரல் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தி சாயும்போது மடத்து வாசலுக்கு வந்துசேர்ந்தார்கள். சீடர்கள் இருவரும் தங்கள் முடிச்சுகளை அவிழ்த்தார்கள். குருவும் தம்முடையதை அவிழ்த்தார். மருதையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அவிழ்த்துடு."

"அவர் முடிச்சு அப்படியே இருக்கு சாமி. நான் எந்த முகத்தோட என்னுதை அவிழ்ப்பேன்?"

"அவிழ்த்தாத்தானே விடியல்ல மறுபடியும் போடலாம்" என்றார் குரு.