இல்லாத கிணற்றில் விழுந்த அமரநாயகர்

ஆறுகள் தம் இஷ்டத்துக்கு வழி மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், கருமணி ஆறு பாயும் நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு தீர்ப்பு சொல்வான், மத்தியானம் தூங்கி எழுந்தால் வேறொன்று சொல்வான். அதனால் வழக்கோடு வருகிறவர்கள் முதலில் வாயிற்காவலனிடம் ராஜாவின் தூக்கத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்.

ஓடக்காரி பவளாயியும் அப்படித்தான் விசாரித்தாள்.

"இப்பத்தான் எழுந்தார். கொட்டாவிகூட முடியலை" என்றான் காவலன்.

"நல்ல கொட்டாவியா, கெட்ட கொட்டாவியா?"

"அது அவருக்கே இன்னும் தெரியாது, தாயி."

பவளாயிக்கு ஊர் மேடுகரை. அந்த ஊரை ஆறு மூன்று முறை தின்றிருந்தது. கரை விரிசல் விட்டதும் சனங்கள் முதலில் வீட்டு வாசல் நிலையைப் பெயர்த்தெடுப்பார்கள். சுவர் மண், ஆற்றோடு போகட்டும். நிலை மரம், அது கூடவே வரும். புது இடத்தில் அதை நட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு, கிணறு தெருவின் எந்த முனையில் என்பதெல்லாம் பழையபடியே இருக்கும்.

இந்தத் தடவை, "இன்னும் ஒரு மழையைக் கரை தாங்கும்" என்று சொன்னவள் பவளாயி. தாங்கவில்லை. ஆட்கள் தப்பினார்கள். மாடுகளும் விதைநெல்லும் போய்விட்டன. அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. நாற்பது குடும்பங்கள் சாலையோரப் புளியமரங்களின் அடியில் கிடக்க, அவளே சபைக்கு நடந்து வந்தாள்.

"இந்தக் கரையில தின்ன மண்ணை ஆறு எதிர்க்கரையில படுகையா ஒதுக்கியிருக்கு, ராசா. அதை எங்க ஊருக்குக் கொடுக்கணும்."

அந்தப் படுகையின் மேல் ஏற்கெனவே கண் வைத்திருந்தவர் குதிரை லாயத்தின் அதிகாரி அமரநாயகர். ராஜா வேறு யாரைப் பார்த்துச் சிரித்தாலும் அவருக்கு அன்று சோறு இறங்காது.

"மகாராஜா, மேடுகரை என்று ஓர் ஊரே கிடையாது. போய்ப் பார்த்தால் தண்ணீர்தான் ஓடுகிறது. மீன்களுக்கா நிலம் எழுதிக் கொடுப்பீர்கள்? என் குதிரைகளுக்குப் புல்லாவது முளைக்கும்."

சபை சிரித்தது. பவளாயி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"ஊர் இருக்குங்க ஐயா. மண்ணுதான் இல்லை."

ராஜாவுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "அப்படியா? நாளைக் காலை உன் ஊரைக் கொண்டுவந்து அரண்மனை மைதானத்தில் காட்டு. ஊர்தான் என்று நான் ஒப்புக்கொண்டால் படுகை உங்களுக்கு. இல்லையென்றால் குதிரைகளுக்கு."

"மத்தியானம் தூங்கி எழுந்து மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

ராஜா முறைத்தான். பிறகு, "நாளைக்குத் தூங்கவே மாட்டேன், போ" என்றான்.

மறுநாள் காலை முப்பத்தொன்பது வாசல் நிலைகள் தோளில் ஏறி வந்தன. மைதானத்தில் குழி தோண்டி, இரண்டு வரிசையாக நட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பம் நின்றது.

"எந்தச் சந்தைக் கூட்டமும் இப்படி மரத்தை நட்டு நிற்கும்!" என்றார் நாயகர். "பிடுங்கிக் கலைத்துப் போடுங்கள். மறுபடி அதே மாதிரி நடுகிறார்களா பார்ப்போம்."

வீரர்கள் பிடுங்கிக் குவித்தார்கள். வெள்ளத்தில் ஒதுங்கிய விறகுபோல் கிடந்தது குவியல். பவளாயி ஒருகணம் அதையே பார்த்தாள். இந்தச் சனம் இதை எத்தனை தடவைதான் பார்ப்பது? ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை.

"அடுப்பு மூட்டணும். நடுங்கப்பா."

வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்தான். முப்பத்தொன்பதும் அதே குழிகளில் நின்றன. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

"அதோ! நடுவில் ஓர் இடம் விட்டுப்போயிற்று!" என்று நாயகர் கத்தினார்.

"விட்டுப்போகலை ஐயா. அது சிங்காரி வீடு. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கா. அவ வந்துதான் நிலை நடணும்."

ராஜா தெருவுக்குள் இறங்கினான். ஒரு வாசலில் தலை குனிந்து நுழைந்தான், நிலை அவ்வளவு தாழ்வு.

"வாங்க ராசா! மாடு போயிருச்சு, மோர் இல்லை. தண்ணி தரட்டுமா?" என்றாள் அந்த வீட்டுக்காரி.

ராஜா குடித்தான். தெருமுனை வெற்றிடத்தை நோக்கி நடந்தான். இதற்காகத்தான் பவளாயி காத்திருந்தாள்.

"ராசா! கிணறு! கிணறு!"

ராஜா பின்னோக்கி ஒரே தாவு. தலைப்பாகை உருண்டு ஓடியது.

"எங்கே கிணறு?" என்றான் மூச்சிரைக்க.

"நீங்க எதைப் பார்த்துத் தாவினீங்களோ, அதுதான் ராசா."

ராஜா காலடியைப் பார்த்தான். வெறும் தரை. மெதுவாக அவன் முகத்தில் சிரிப்பு ஏறியது.

நாயகருக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அந்த இடத்தில் நின்று காலால் ஓங்கி மிதித்தார். "பாருங்கள், கிணறே இல்லை!"

"ஐயையோ, நாயகர் விழுந்துவிட்டாரே!" என்றான் ராஜா. "நாயகரே, அசையாதீர். கிணற்றில் விழுந்தவர் நடந்து ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. யாராவது கயிறு போட்டால்தான் வெளியே வரலாம்."

வெயில் ஏறியது. மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"படுகை மேடுகரைக்கு" என்றான் ராஜா. "ஆனால் பவளாயி, அதையும் ஆறு கேட்டால்?"

"கேக்கும் ராசா. நாங்களும் நிலையைப் பெயர்ப்போம். இனிமே ஒரு மழைக்கு முன்னாடியே."

பிறகு தோளில் கிடந்த தன் ஓடத்துக் கயிற்றை எடுத்து நாயகரிடம் வீசினாள். "பிடிச்சுக்குங்க ஐயா. எங்க ஊர்க் கிணத்துல விழுந்தவங்களை நாங்க விட்டுட்டுப் போனதில்லை."

வேறு வழியில்லாமல் நாயகர் பிடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்துச் சிங்காரி கைப்பிள்ளையோடு படுகைக்கு வந்தாள். அதற்கு முன் அந்த மண்ணை அவள் மிதித்ததே இல்லை. யாரிடமும் வழி கேட்காமல், கிணற்றைச் சுற்றிக்கொண்டு, காலியாக இருந்த தன் வீட்டு இடத்தில் போய் நின்றாள்.